ஏழாம் கோப்பை

மரீஸ் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த மேசையில் மற்ற நான்கு பேரும் தங்கள் நாக்கை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருஷமாக ஒயின் தரகு செய்கிறவள் அவள். பிரான்சில் வடக்கே ஷாம்பேனிலிருந்து தெற்கே இந்த ஓத் ஆற்றுப் பக்கம் வரைக்கும் அவள் குனிந்து நுழையாத நிலவறை இல்லை, ருசி பார்த்துவிட்டுத் துப்பாத வாளி இல்லை. பர்கண்டியில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது சுவருக்கு இந்தப் பக்கத்துத் தோட்டம் இல்ல, அந்தப் பக்கம்" என்றாளாம். தோட்டக்காரனே போய்ப் பீப்பாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயடைத்து நின்றானாம். கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். வளர்ந்தது என்று அவளும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அந்த ஒரு கெட்ட குணம் அவளிடம் உண்டு.

அந்த ஓத் பள்ளத்தாக்கின் பெயரைப் போத்தலில் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் ஒயின் முதலில் இந்த மேசையைத் தாண்டியாக வேண்டும். போத்தலுக்குக் கறுப்பு உறை மாட்டி, எண்ணை மட்டும் ஒட்டி வைப்பார்கள். ஐந்து பேர் ருசிப்பார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்புறம் அதைப் பெயரில்லாத வெறும் சிவப்பு என்று வந்த விலைக்குத் தொட்டி லாரிக்காரன் தலையில் கட்ட வேண்டியதுதான். இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. கோப்பையில் இருப்பது உறவுக்காரன் ஒயின் என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டால், வாயைத் திறக்காமல் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுதி வைத்த விதிகளை மீறினவர்கள் உண்டு, இதை மீறினவர் கிடையாது.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மரீஸ் வழக்கத்துக்கு அரை மணி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். காரணம் தம்பி மர்சியால்.

மர்சியாலுக்கு ஐம்பத்தேழு வயது. மனைவி அவனை விட்டுத் துலூஸுக்குப் போய்ப் பத்து வருஷமாகிறது. அவனுக்கென்று இருந்தது ஒரு சரிவும், அதில் எழுபது வருஷத்துத் திராட்சைக் கட்டைகளும்தான். கிறிஸ்துமஸ் அன்று போனில் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, இந்த வருஷத்தோட ரெண்டுல ஒண்ணு. கொடியைப் பிடுங்கினா சர்க்கார்ல பணம் தர்றான்ல, அதுக்கு எழுதிப் போட்டிருந்தேன், சரின்னு சொல்லிட்டான். ஏப்ரல் முடியுறதுக்குள்ள பிடுங்கணும். ஒயின் தேறுச்சுன்னா அந்தக் காகிதத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன். தேறலைன்னா புல்டோசர்தான்."

"ஒளறாதடா. எழுபது வருஷக் கட்டை அது."

"எழுபது வருஷம் நின்னு என்ன கண்டுச்சு? போன வருஷம் பனி. அதுக்கு முன்னாடி காட்டுத்தீ. நடுவுல மழைங்கிற பேச்சே இல்ல. நான் எங்க போய் முட்டிக்க?" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "இந்தத் தடவை நல்லா வந்திருக்குக்கா" என்றான். தன் ஒயினைத் தானே மெச்சுகிற ஆள் இல்லை அவன்.

அவனுடைய போத்தலும் இன்றைக்கு இந்த ஒன்பதில் ஒன்று என்று அவளுக்குத் தெரியும். எந்த எண் என்பதுதான் தெரியாது.

நான்காம் கோப்பையில் தெரிந்துவிட்டது. பழைய பீப்பாய் மரம், காய்ந்த தைம் இலை, அடியில் லேசாகப் புகை. இருபது வருஷமாக மர்சியாலின் ஒயினில் இருக்கிற வாசனை. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: ஓரத்தில் புளிப்பு தட்டியிருக்கிறது, காடியாகத் திரும்பப் பார்க்கிறது. மற்றவர்கள் கண்ணில் பட்டால் தேறாது. கை கோப்பையின் தண்டுக்குப் போனது. கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை.

"கொஞ்சம் முரடு. ஆனா முதுகெலும்பு இருக்கு. தேறலாம்" என்றாள். மற்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் செய்த முதல் திருட்டு அது, அதற்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை.

ஏழாம் கோப்பை வந்தபோது அவளுக்கு இன்னும் காது சூடாகவே இருந்தது. முகர்ந்தாள். அடைசலான நாற்றம் ஒன்று குப்பென்று வந்தது. முகத்தைச் சுளித்தாள்.

பரிசோதனைக்கூடத்து தெலோர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், இது காத்துப் படாம இறுகிக் கிடக்கு போல. ஓரமா வெச்சுட்டு, மத்ததை முடிச்சுட்டுத் திரும்ப வருவோமே."

அது அவளுடைய சொந்தப் பாடம். ஒயினுக்கும் வாய் திறக்க நேரம் கொடுக்கணும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவளே அவள்தான். அன்றைக்கு அது அவள் காதில் ஏறவில்லை.

"எத்தனை நேரம் வெச்சாலும் இது மூடின கிணறுதான். பலகை போட்டு மூடி வெச்ச கிணத்துத் தண்ணி. எழுதிக்கோங்க."

எதிரே இருந்த கிழவர் புஸ்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவரும் திராட்சை விவசாயி. "ஏம்மா, நாலாவதுக்கு அம்புட்டு இரக்கம் காட்டினே. இதுக்கு மட்டும் என்ன கத்தியைத் தூக்குறே?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. திருடினவளைப் பார்த்து மடியில் என்ன என்று கேட்ட மாதிரி. உடனே அவள் குரல் ஏறிவிட்டது. "இரக்கம் காட்டுறதுக்கு இது என்ன ஆஸ்பத்திரியா? இதுல நம்ம பள்ளத்தாக்கு பேரை ஒட்டி வித்தா, நாளைக்கு எவன் நம்மளை மதிப்பான்? நான் வேண்டாம்னு சொல்றேன்."

இன்னொருவர் உடனே ஒத்துக்கொண்டார். புஸ்கே மறுபடி முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார், தோளைக் குலுக்கினார். "சரி, நீ சொன்ன பிறகு நான் என்னத்தப் பேச." மூன்றாவதாக அவர் கையும் உயர்ந்தது. அன்று ஒன்பதில் தேறாமல் போனது அந்த ஏழு மட்டும்தான். மரீஸுக்கு மனசு லேசாகிவிட்டது. ஒரு பக்கம் வளைந்ததை இன்னொரு பக்கம் நிமிர்த்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். என்ன புத்தியோ!

மறுநாளே வடக்கே கிளம்பிவிட்டாள். வருஷா வருஷம் அந்த மாதம் அவளுக்குக் கொள்முதல் சுற்று. லுவார் நதிக்கரையில் பாறையைக் குடைந்த நிலவறைகளில், தேனும் சீமைமாதுளையும் மணக்கிற வெள்ளை ஒயின்களை ருசித்தாள். ஷாப்ளியில் பனியிலிருந்து மொட்டுகளைக் காப்பாற்ற விடிய விடியத் தோட்டத்தில் தீப்பந்தம் ஏற்றிவிட்டு, கண் சிவந்த விவசாயிகள் ஊற்றித் தந்ததைக் குடித்தாள். சுண்ணாம்புக் கல்லை நக்கினது போல அத்தனை கூர்மை. அல்சாஸில் பழைய ரீஸ்லிங் வெள்ளை ஒயின் ஒன்றில் மண்ணெண்ணெய் வாசனை தூக்கலாக வந்தது, அதற்குத்தான் அங்கே அதிக விலை. எங்கே போனாலும் அவள் சொல்லுக்காக நான்கு பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் சொன்னாள்.

தம்பியை இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்' என்று ஒரு வரி வந்தது. தேறின சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் திரிகிறான் போல என்று சிரித்துக்கொண்டாள். குழுவில் நடந்ததை வெளியே பேசக் கூடாது என்பதால் அவளும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஜுரா மலைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே யுகெத் என்று ஒரு பெண்மணி, எழுபது வயது, வாய் நீளம், கை அதைவிடத் தாராளம். தொட்டியிலிருந்து ஒரு சிவப்பைப் பிடித்து நீட்டினாள். மரீஸ் முகர்ந்தாள்.

"ஐயோ, மூடின கிணறு" என்றாள்.

"அட வாயைத் திறக்க விடு தாயே! இப்பத்தான் படுக்கையிலேர்ந்து எழுப்பியிருக்கேன், மூஞ்சி கழுவ வேண்டாமா? வா, ஆம்லெட் போடுறேன். தின்னுட்டு அப்புறம் திட்டு."

ஆம்லெட் வந்தது. கொம்தே பாலாடைக்கட்டி வந்தது, வால்நட் வந்தது, மருமகளைப் பற்றின புகார் வந்தது. அரை மணி கழித்து மரீஸ் கோப்பையை எடுத்தாள். நாற்றம் போன இடம் தெரியவில்லை. பளிச்சென்று செர்ரி. மழை விட்ட தோட்டம்.

யுகெத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னடியம்மா, கிணத்தை யாரு தொறந்தா?"

மரீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாம் கோப்பை கண் முன்னே வந்து நின்றது. யாரோ ஒரு அப்பாவியின் வருஷத்தை அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்றுதான் முதலில் நினைத்தாள். யாரோ ஒருவன் என்றுதான்.

முற்றத்துக்கு வந்து புஸ்கேயைப் போனில் கூப்பிட்டாள். "அந்த ஏழாம் நம்பர் யாருதுன்னு தெரிஞ்சுதா?"

அந்தப் பக்கம் கிழவர் திருப்பிக் கேட்டார்: "கேலி பண்றியாம்மா?"

"இல்ல. சொல்லுங்க."

"உன் தம்பியுதுதான். அன்னிக்கு எனக்கும் தெரியாது. கடிதாசி போன பிறகுதான் ஊருக்கே தெரிஞ்சுது. உனக்கு மூக்குலயே தெரிஞ்சிருக்கும்னு எல்லாரும் பேசிக்கிறோம். கோப்பையைக் கவுக்காம விட்டது தப்புதான், ஆனா கூடப் பொறந்தவன்னு கூடப் பாக்கலையே, என்ன நேர்மைடா சாமின்னு நானே நாலு பேர்கிட்ட சொன்னேன்."

"அப்பீலுக்குப் போட்டானா? பதினஞ்சு நாள் இருந்துச்சே."

"போடலை. நான்கூடப் போய்ச் சொல்லிப் பாத்தேன். மாட்டேன்னுட்டான்."

"ஏன்?"

"அதை அவன்கிட்டத்தான் கேக்கணும்."

மறுநாள் காலை கிளம்பி, வழியில் எங்கேயும் சாப்பிட நிற்காமல் வண்டியை விட்டாள். நேரே போய்க் காலில் விழுந்தாவது மறுபரிசீலனைக்கு எழுத வைக்க வேண்டும், நாள் கடந்துவிட்டாலும் தான் செய்த தப்பைத் தானே எழுதிக் கொடுத்தால் இன்னொரு தடவை ருசிக்காமலா போவார்கள், பிடுங்குவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளச் சொல்ல வேண்டும் என்று என்னென்னவோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பிற்பகலில் மலைத் திருப்பத்தைத் தாண்டினதும் சரிவு தெரிந்தது.

மொட்டை. சிவப்பு மண் புரண்டு கிடந்தது. பிடுங்கின கட்டைகளை வேர் மேலே பார்க்க ஐந்தாறு குவியலாகக் குவித்திருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டாமல் நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்துத் திட்டின பிறகுதான் நகர்ந்தாள்.

மர்சியால் சமையலறையில் பயறும் தொத்திறைச்சியும் அடுப்பில் வைத்திருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வாக்கா. சொல்லாமக் கொள்ளாம? சாப்பிட்டியா?"

"டேய், எதுக்குடா அப்பீல் போடலை?"

அவன் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தான். 'குறை: மூடிய கிணற்று வாசனை.'

"நம்ம வீட்டுப் பின்னாடி இருந்துச்சே, பலகை போட்டு மூடின கிணறு. சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் பலகையை நகத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவோம். பிரான்ஸ் பூரா தேடினாலும் வேற எவ இப்படி எழுதுவா? பாத்ததும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு. நீயே சொன்ன பிறகு நான் எவன்கிட்ட போய் அப்பீல் பண்ண?"

"உன்னுதுன்னு எனக்குத் தெரியாதுடா!" குரல் உடைந்துவிட்டது. "நாலாவது கோப்பைதான் உன்னுதுன்னு நெனச்சேன். பீப்பாய் வாசனை வந்துச்சு. அதைக் கவுத்து வெக்காம, பொய் சொல்லித் தேத்திவிட்டேன். உனக்காக. அந்தக் குத்தத்துக்கு ஈடு கட்டுறதுக்காக ஏழாவதைப் போட்டு மிதிச்சேன்."

மர்சியால் அவளையே பார்த்தான். "பீப்பாயா? நான் இந்த வருஷம் பீப்பாயையெல்லாம் ஓரங்கட்டிட்டு சிமெண்டுத் தொட்டியிலல்ல வெச்சேன். பழம் பழமாவே இருக்கட்டும்னுதான். உன்கிட்ட சொல்ல நெனச்சேன், நீ எங்க போன்ல நிக்கிறே." பிறகு மெல்லத் தலையசைத்தான். "பரவாயில்லக்கா. தெரியாம சொன்னதுதானே உண்மை? தெரிஞ்சிருந்தா நீ எனக்கும் பொய்தான் சொல்லியிருப்பே."

அவனுக்கு அவள் மேல் கோபமே இல்லை. இரண்டு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மேசை ஓரத்தில் ஒரு போத்தல் கால்வாசி காலியாக இருந்தது. எண் இல்லை, லேபிள் இல்லை. "இதுதானா?" என்றாள்.

"அதுதான். காலையில தொறந்தது. என்ன பண்ண, சாப்பாட்டோட ஒரு வாய் ஊத்திக்கிறேன். நீ குடிக்காத, உனக்குப் பிடிக்காது."

அவள் ஊற்றினாள். முகர்ந்தாள். நாற்றம் எதுவும் இல்லை. வாயில் வைத்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். முப்பத்தைந்து வருஷத்தில் இந்தப் பக்கத்து மண்ணில் இவ்வளவு சுத்தமாக ஒன்றை அவள் குடித்ததில்லை. கண்ணீர் தாடையில் இறங்கிச் சொட்டியது.

"நல்லா இருக்குடா" என்றாள்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத."

"அம்மா சத்தியமா. கொஞ்ச நேரம் காத்துப் படவிட்டிருந்தா போதும். தெலோர் கெஞ்சினார். நான்தான் கேக்கலை. ஒயின்ல ஒரு குறையும் இல்லடா. நான்தான் கெட்டுக் கிடந்தேன்."

மர்சியால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"எனக்கும் நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றான். "தினமும் நல்லாத்தான் இருந்துச்சு. கடிதாசி வந்த அன்னிக்கு, காலையில தொறந்து வெச்ச போத்தல்லேர்ந்து மறுபடி குடிச்சுப் பாத்தேன். நாத்தம் வருதான்னு தேடித் தேடிப் பாத்தேன். வரலை. அப்ப நாக்கு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். டாக்டர்கிட்டகூடப் போனேன், வாயைத் தொறக்கச் சொல்லி லைட் அடிச்சுப் பாத்துட்டு வயசாகுதுன்னான். நாக்குப் போனவன் கொடியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணன்னுதான்..." நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்தான். "அப்ப என் நாக்கு போகலையா?"

"போகலைடா."

அவன் முகம் தெளிந்தது. பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி ஒரு சிரிப்புக்கூட வந்துவிட்டது. அவசரமாகத் தனக்கும் ஊற்றிக்கொண்டு ஒரு வாய் வைத்தான். "கருப்பு செர்ரி. சரியா?"

"சரி."

"அப்புறம் வெயில்ல காஞ்ச கல்லு. கடைசியில, இரு, இரு, பிரிஞ்சி இலை."

"ஆமாடா. பிரிஞ்சி இலைதான்."

"புகை துளிக்கூட இல்ல. அது பீப்பாயோட போச்சு."

"துளிக்கூட இல்ல."

ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. கோப்பையும் கையுமாக எழுந்து ஜன்னலுக்குப் போனான், வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதற்காக. எல்லா ஒயின்காரர்களும் செய்கிறதுதான். கோப்பையை உயர்த்தினான். அதன் பின்னால் மொட்டைச் சரிவு இருந்தது.

குடிக்காமலே கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"போன வெள்ளிக்கிழமைதான்க்கா மெஷின் வந்துச்சு" என்றான். "வியாழக்கிழமை வரைக்கும் நின்னுச்சு. துளிர் விட்டிருந்துச்சு."

அடுப்பில் பயறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் போய் அணைக்கவில்லை.

"அப்ப நான் எதுக்குக்கா அதைப் பிடுங்கினேன்?"

அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் சொல்லப்போவதற்காகக் காத்து நின்றான்.